ஆள்காட்டிக்குச் சொல்லாத நாள்

பறவைகள் தங்கள் வழக்கைத் தாங்களே பேசித் தீர்த்துக்கொண்ட அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவி கத்தவே கத்தாது. ஏரிக்குள் நின்ற கருவேல மரங்களில், மற்றப் பறவைகளைப் போலக் கிளையில் கூடு கட்டி, இருக்கும் இடம் தெரியாமல் குடும்பம் நடத்தியது. இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்த ஏரியில் ஒரு வழக்கம் இருந்தது. கூடு கட்ட நினைக்கும் பறவை தனக்குப் பிடித்த கிளைக் கவட்டையில் ஒரு குச்சியை வைக்க வேண்டும். அதற்கு முதல் குச்சி என்று பெயர். அதை வைத்துவிட்டால் அந்தக் கவட்டையில் வேறு யாரும் அலகு வைக்கக் கூடாது.

ஒரு கோடையில், சிவத்தாள் என்ற ஆள்காட்டி தன் முதல் குச்சியை வைத்துவிட்டு, அடுத்த குச்சிக்காகக் கரைப்பக்கம் போனாள். திரும்பி வந்தால் அதே கவட்டையில் இரண்டு குச்சிகள் கிடந்தன. பக்கத்தில் கருத்தான் என்ற நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இது நான் வச்ச இடம்."

"குச்சியில உம் பேரா எழுதியிருக்கு?" என்றான் கருத்தான்.

வழக்கு கூழைக்கடாப் பெரியவரிடம் போனது. அவர் இரண்டு குச்சிகளையும் வாங்கித் தம் அலகுப் பைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். தீர்ப்பு வரும்வரை வழக்காடும் இருவரும் எந்த மரத்திலும் புதுக் கூடு கட்டக் கூடாது என்பது சட்டம். கருத்தானுக்கு அதில் நட்டமில்லை, போன வருடத்துக் கூடு அப்படியே இருந்தது. சிவத்தாளுக்கு வயிற்றில் முட்டை திரண்டுகொண்டிருந்தது. பத்து நாள் தாங்கினால் பெரிய விஷயம்.

விசாரணையன்று கருத்தானின் சொந்தபந்தம் நாற்பது பேர் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். சிவத்தாளுக்கு அவள் புருஷன் கொம்பையா ஒருவன்தான். யார் குச்சி முந்தியது என்று பெரியவருக்கு நன்றாகவே தெரியும். நாற்பது அலகுகளையும் ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இவ்வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது."

சிவத்தாள் அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டதே இல்லை. "அப்படின்னா என்னங்க?" என்று புருஷன் காதில் கேட்டாள்.

"இல்லேன்னு சொல்லல. அப்புறம் சொல்றேங்கறாரு."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எவ்வளவு கௌரவமான சொல்! இவ்வளவு பெரிய சொல்லைச் சொல்கிறவர் கைவிடமாட்டார் என்று நம்பினாள். பாவம், அவள் செய்த தவறு அது ஒன்றுதான்.

"அப்புறம்னா என்னிக்கிங்க?"

"பெரியவங்ககிட்ட நாள் கேட்டா மரியாதையா இருக்குமா? பேசாம இரு."

பேசாமல்தான் இருந்தாள். தினமும் காலையில் பெரியவர் முன்னால் போய் நின்றாள். "பரிசீலனையில இருக்கும்மா" என்பார் அவர். ஏரித் தண்ணீர் நாளுக்கு நாள் உள்வாங்கியது. வெயில் ஏறியது. அவள் வயிறு கனத்தது. மற்றவர்கள் கூடுகளில் அடைகாக்க உட்கார்ந்துவிட்டார்கள். நாள் கேட்க வேண்டும் என்று வாயெடுப்பாள். கேள்வி தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும்.

ஒன்பதாம் நாள் பொறுக்க முடியவில்லை. "அய்யா, அந்தக் குச்சியையாவது எடுத்துப் பாருங்க. வேலமுள்ளுக் குச்சி என்னுது. முதல்ல வச்சது யாருன்னு கொக்குக்குக்கூடத் தெரியும்" என்றாள்.

பெரியவர் அலகைத் திறந்தார். பை காலியாக இருந்தது.

"கெண்டையோட கெண்டையா உள்ள போயிருக்கும் போலிருக்கே" என்றார், கொஞ்சமும் கூசாமல். "அப்ப ஆதாரம் இல்ல. மறுபடியும் ஒத்திவைக்கிறேன்." சொன்னவர் சிறகை விரித்தார். ஏரியில் மீன் தீர்ந்துவிட்டது, அவர் தெற்கே வேறு ஏரிக்குப் போய்விட்டார். நாள் சொல்ல ஆளே இல்லை.

சிவத்தாள் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. பேச்சை ஒத்திவைக்கலாம், முட்டையை எப்படி ஒத்திவைப்பது?

மரத்தில் கூடு கட்ட அவளுக்கு உரிமையில்லை. காய்ந்து வெடித்துக் கிடந்த ஏரித் தரையில் இறங்கினாள். சரளைக் கற்களுக்கு நடுவே காலால் கொஞ்சம் சீய்த்து, வெறும் மண்ணில் முட்டையிட்டாள். அவள் இனத்தில் யாரும் செய்யாத காரியம் அது. நாலு முட்டைகள். கல்லோடு கல்லாகத் தெரியட்டும் என்று ஈரச் சேற்றைக் கொண்டுவந்து அவற்றின் மேல் அங்கங்கே பூசினாள்.

மூன்றாம் வாரம், நல்ல உச்சிவெயிலில் தரை அதிர்ந்தது. கரையிலிருந்து எருமைக் கூட்டமொன்று இறங்கி வந்தது. ஏரி நடுவே மிச்சமிருந்த குட்டைக்குப் போகிற தாகம் அவற்றுக்கு. நேர் வழியில் அவள் முட்டைகள்.

"சிவத்தா, மேல வந்துரு! நீயாவது மிஞ்சு!" என்று கொம்பையா கதறினான்.

அவள் எழுந்திருக்கவில்லை. எருமைகள் நெருங்கின. மூச்சுச் சத்தம் கேட்டது. புழுதி கண்ணை மறைத்தது. தலைமை எருமையின் கால் பக்கத்தில் ஓங்கியபோதுதான் எழுந்து, அதன் முகத்துக்கு நேரே பாய்ந்தாள். இத்தனை நாளும் தொண்டையில் சிக்கியிருந்தது அப்படியே பீறிட்டுக்கொண்டு வந்தது.

"என்னிக்கி? என்னிக்கின்னு சொல்லு! என்னிக்கின்னு சொல்லு!"

இந்தச் சின்ன உடம்பிலிருந்தா இவ்வளவு சத்தம்! எருமை மிரண்டு பின்வாங்கியது. பின்னால் வந்தவை இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் ஓடின. ஒரு குளம்பு விரற்கடை தள்ளிப் பதிந்தது. புழுதி அடங்கியபோது நாலு முட்டைகளும் கிடந்த இடத்திலேயே கிடந்தன. அவள் மறுபடியும் அவற்றின் மேல் உட்கார்ந்தாள். நாலும் பொரித்தன.

மழை பெய்து ஏரி நிறைந்ததும் பெரியவர் திரும்பி வந்தார். நடந்ததைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். "அந்தக் கவட்டை உனக்குத்தாம்மா" என்றார், கண்ணைப் பார்க்காமல்.

"நீங்களே வச்சுக்குங்க" என்றாள் சிவத்தாள். நாலு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு பொட்டலைப் பார்த்து நடந்தாள்.

அந்தக் கோடை போனதிலிருந்துதான் ஆள்காட்டி மரத்தில் கால் வைப்பதில்லை, வெறுந்தரையில் முட்டையிடுகிறது. பொட்டல் வழியே யார் வந்தாலும் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி, "என்னிக்கின்னு சொல்லு, என்னிக்கின்னு சொல்லு" என்று கேட்கிறது. நாளைச் சொல்லிவிட்டுப் போனவர் இன்றுவரை ஒருவரும் இல்லை.