கல்மலைக்குப் போன வாத்து

தாமரை ஏரியில் அல்லி என்றொரு வாத்து இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அந்த ஏரிக்கு மணலன் என்ற கல்கௌதாரி, பாலைநிலத்துப் பறவை, வந்து தங்கியது. இரண்டும் நட்பாகிவிட்டன. பிரியும்போது மணலன், பாலைக்கு நடுவே இருக்கும் தன் கல்மலைக்கு ஒருமுறை வந்து போகச் சொல்லி அழைத்தது.

கோடையில் அல்லி புறப்பட்டது. இரண்டு நாள் பறந்தது. கீழே புல் இல்லை, மரம் இல்லை. வெடித்த பாறைகளும் செம்மணலும்தான். மலையில் போய் இறங்கியபோது அதன் இறகெல்லாம் புழுதி.

மணலனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தன் மூன்று குஞ்சுகளையும் அழைத்துக் காட்டியது. அவற்றின் தாயை வசந்தத்தில் ஒரு கழுகு கொண்டுபோய்விட்டது என்று மெல்லச் சொன்னது. பிறகு விருந்தாளிக்கு விதை பொறுக்கி வரப் போனது.

பாறை இடுக்கில், நிழலில், ஒரு சிறு குழியில் தண்ணீர் இருந்தது. அல்லி அதைப் பார்த்ததும் உள்ளே இறங்கியது. முங்கியது, சிறகடித்தது, சுகமாக உடலை உதறியது. சிதறிய தண்ணீர் சுடுபாறையில் பட்டதும் காய்ந்து போனது. கொஞ்ச நேரத்தில் குழியில் சேறுதான் மிஞ்சியது.

மணலன் திரும்பி வந்து குழியைப் பார்த்தது. விதைகளை அல்லியின் முன்னே வைத்தது. பயணக் களைப்பு தீர்ந்ததா என்று மட்டும் விசாரித்தது.

குஞ்சுகள் குழிக்கு ஓடின. சேற்றைக் கொத்திப் பார்த்துவிட்டுக் கீச்சிட்டன. அப்போதுதான் அல்லிக்கு உறைத்தது.

"இங்கே வேறு தண்ணீர் இல்லையா, மணலா?"

"மூன்று மலை தாண்டி ஒரு சுனை இருக்கிறது. இது மழைத் தண்ணீர். குஞ்சுகளுக்குச் சிறகு முளைக்கும்வரை போதும் என்று நினைத்திருந்தேன்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"முதல்முறையாக வீட்டுக்கு வந்திருக்கிறாய். எப்படிச் சொல்வேன்?"

அல்லி தலைகுனிந்தது. தானே போய்த் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொன்னது. மணலன் மறுத்தது. வாத்தின் இறகில் நீர் ஒட்டாது, வழிந்துவிடும். தன் மார்பு இறகுதான் நீரை உறிஞ்சிப் பிடித்து வைக்கும். ஆனால் உச்சிவெயிலில் குஞ்சுகளைத் தனியே விட்டுப் போனால் வெந்து போகும். அதனால்தான் தயங்குவதாகச் சொன்னது.

"நீ போய் வா. அவற்றை என்னிடம் விடு" என்றது அல்லி.

மணலன் பறந்தது. அல்லி தன் அகன்ற சிறகுகளை விரித்துக் குஞ்சுகளை உள்ளே அணைத்துக்கொண்டது. முதுகு தகித்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. சிறகுகள் நடுங்கின. வெயில் நகர நகர அதுவும் நகர்ந்து நிழல் தந்தது. ஒருமுறைகூடச் சிறகை மடக்கவில்லை. கடைசிக் குஞ்சு அதன் வயிற்றில் முகம் புதைத்துத் தூங்கிப்போனது.

பொழுது சாயும் நேரம் மணலன் வந்து இறங்கியது. மார்பை நிமிர்த்தி நின்றது. குஞ்சுகள் முண்டியடித்து ஈர இறகுகளை உறிஞ்சின. அவை வயிறு நிறைந்து விலகியதும் மணலன் அல்லியின் பக்கம் திரும்பியது.

"இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. நீயும் குடி."

அல்லி தயங்கியது. பிறகு அலகை வைத்து ஒரே ஒரு சொட்டு குடித்தது. ஏரியிலேயே பிறந்து வளர்ந்த அந்த வாத்துக்குத் தண்ணீரின் ருசி அன்றுதான் தெரிந்தது.

மறுநாளே திரும்புவதாக இருந்த அல்லி அங்கேயே தங்கிவிட்டது. விடியலில் அது சுனைக்குப் போய்க் குடித்துவிட்டு வரும். பிறகு அது குஞ்சுகளைக் காக்க, மணலன் நீர் சுமந்து வரும். மூன்று குஞ்சுகளும் பறந்த பிறகுதான் அது ஏரிக்குத் திரும்பியது.

போன இடத்தில் எது அரிது என்று அறிந்து நடப்பதே விருந்தாளிக்கு அழகு; அறியாமல் தவறினால், உடனிருந்து ஈடு செய்வதே நட்புக்கு அழகு.