ஐம்பதுக்கு இறங்கிய முள்

"மீட்டர் பொய் சொல்லிருச்சு வாத்தியாரே," என்றார் வீரணன்.

வந்ததும் வராததுமாக இதுதான் பேச்சு. கையில் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஒரு வட்ட மீட்டர். அதிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் தொங்கியது. குழாயின் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு குமிழ். வெளியே, கயிறு கட்டி இழுத்து வந்த கார் நின்றது.

வீரணனுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷமாக மலைப்பாதையில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். அவர் வாத்தியார் என்று கூப்பிட்ட மெக்கானிக் சிக்கந்தருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வயசிலே என்ன இருக்கிறது? எஞ்சின் யார் பேச்சைக் கேட்கிறதோ அவர்தான் வாத்தியார்.

"என்ன பொய்?"

"எஞ்சின் எரிஞ்சு போச்சு. முள்ளு ஐம்பதுலயே நின்னுச்சு."

சிக்கந்தர் பானட்டைத் தூக்கினார். பழைய கார். உள்ளே இருந்தது ஒரு வேனின் டீசல் எஞ்சின். போன மாதம்தான் மாற்றியது.

"மீட்டரை யாரு மாட்டினது?"

"நான்தான். எஞ்சினை மாத்துனதும் காரோட மீட்டர் வேலை செய்யல. இதை வாங்கினேன். கரண்டே வேண்டாம், குமிழு தண்ணிக்குள்ள இருந்தாப் போதும், சூட்டுக்கு முள்ளு ஏறும்னான் கடைக்காரன்."

"எஞ்சின் தலையில வைக்காம, குமிழை ஏன் ரேடியேட்டர் மேல் ஓஸ்ல வச்சீங்க?"

"குழாய் எட்டல. வெட்டி ஒட்டவும் கூடாதாம். எட்டுன இடத்துல வச்சேன்."

சிக்கந்தர் கீழ் ஓஸைத் தடவினார். விரல் உள்ளே போனது. அத்தனை பெரிய கிழிசல்.

"முள்ளு எப்ப இறங்குச்சு?"

"ஏழாவது வளைவுல நூறைத் தாண்டிருச்சு. நிறுத்தலாமான்னு நினைக்கிறதுக்குள்ள சரசரன்னு இறங்கி ஐம்பதுக்கு வந்திருச்சு. அப்பாடான்னு மிதிச்சேன்."

வாயை வாடகைக்கு விடுகிற ஆள் இல்லை சிக்கந்தர். டீ போடுகிற சட்டியில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார். குமிழைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார்.

தண்ணீர் கொதித்தது. முள் ஏறி நூறைத் தொட்டது.

"மீட்டர் நல்லாத்தானே இருக்கு," என்றார் சிக்கந்தர். பிறகு ஊரில் எல்லாரும் கேட்பதைக் கேட்டார். "சுகந்தி எப்படி இருக்கு?"

சுகந்தி வீரணனின் ஒரே மகள். அவள் புருஷன் தவசி மிளகு பறிக்க மரமேறி, விழுந்து செத்து நாற்பது நாள் ஆகிறது. அன்றிலிருந்து அவள் அழுத அழுகையைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. தெருவே சோறு தண்ணி இறங்காமல் கிடந்தது.

"இப்பப் பரவாயில்ல," என்றார் வீரணன். "அழுதா போனவன் வந்துருவானா, போதும் நிறுத்துன்னு ஒரு சத்தம் போட்டேன். மூணு நாளாச்சு, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. காலைல தலைக்குக் குளிச்சுச்சு. கம்மலைக் கழட்டிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துச்சு. நீங்க போயி வண்டியைப் பாருங்கப்பான்னு அதுதான் அனுப்பி வச்சுச்சு. நிம்மதியா வந்தேன்."

சிக்கந்தரின் முகம் வெளிறியது.

சட்டென்று சட்டியை எடுத்துத் தண்ணீரைத் தரையில் கொட்டினார். காலிச் சட்டியை மறுபடி அடுப்பில் வைத்து, அதன் வாயில் குமிழைப் பிடித்தார்.

முள் இறங்கியது. எண்பது. அறுபது. ஐம்பது.

"தண்ணி வத்துனா முள்ளு இறங்கிரும். முள்ளைப் பாக்காதீங்கண்ணே. சட்டியைப் பாருங்க."

சட்டியின் அடி சிவந்துகொண்டிருந்தது.

வீரணன் பார்த்தார்.

"அழுகை நின்னு எத்தனை நாள்னு சொன்னீங்க?"

வீரணன் எழுந்தார். சிக்கந்தர் தன் பைக்கை உதைத்துக் கிளப்பி அவரை ஏற்றிக்கொண்டார்.

வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "எரிஞ்ச எஞ்சின்ல மடமடன்னு பச்சைத் தண்ணி ஊத்தக் கூடாது. தெரியும்ல?"

"தெரியும்."

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டார். பதில் இல்லை. தோளால் இடித்தார். இரண்டாவது இடியில் தாழ் பிய்ந்தது.

சுகந்தி ஸ்டூல் மேல் நின்றிருந்தாள்.

'பாவி மகளே' என்று தொண்டை வரை வந்ததை வீரணன் விழுங்கிக்கொண்டார். கையைப் பிடித்து மெல்ல இறக்கினார். தரையில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். பிடித்த கையை விடவில்லை.

வெயில் வாசலைத் தாண்டுகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"தவசிக்கு டீ சூடா இருந்தாப் பிடிக்காதுல்ல?" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆத்தி ஆத்தியே பாதியைக் கீழ ஊத்துவான்."

அவள் உதடு கோணியது. பிறகு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது அந்தச் சத்தம். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து வாசலில் நின்றாள். "என்னண்ணே, மறுபடியும் ஆரம்பிச்சிருச்சா?"

"ஆமா தாயி," என்றார் வீரணன். "ஆரம்பிச்சிருச்சு."