கடமானின் காலும் கருங்குரங்கின் பச்சிலையும்

அடிவாரக் குளம் வற்றிவிட்டது. இனித் தண்ணீர் வேண்டுமென்றால் மலை உச்சியில் இருக்கும் சுனைக்குத்தான் போக வேண்டும். குளக்கரையில் வாழ்ந்த கடமானும் முள்ளம்பன்றியும் தினமும் கொஞ்சம் ஏறிப் பழகின.

கடமான் பத்து எட்டு வைப்பதற்குள் தொடைக்குள்ளிருந்து நரம்பு கத்தும். "இங்கே எரிகிறது! நெஞ்சே, வேகமாக அடி! மூச்சே, சீக்கிரம் வா!"

உடனே மூச்சு வாங்கும். கடமான் நின்றுவிடும்.

"எழுந்ததிலிருந்து இதே நச்சரிப்பு அக்கா! இதன் வாயை அடைத்தால் ஒரே ஓட்டமாகப் போய்விடுவேன்!"

"எனக்கும் அதே பாடுதான்," என்றது முள்ளம்பன்றி. "அது கத்தினால் நிற்கிறேன். அடங்கினால் நடக்கிறேன். நேற்றைவிட இன்று பத்து எட்டு கூடப் போனேனே!"

"உன் குட்டைக் காலுக்கு அது போதும்!"

மரத்திலிருந்த கருங்குரங்கு இறங்கி வந்தது. "அதன் வாயை நான் அடைக்கிறேன். என்னை ஒரு தடவை வைத்தியரே என்று கூப்பிடு, போதும்!"

"வைத்தியரே!"

குரங்கு ஒரு பச்சிலையை மென்று கடமானின் தொடைகளில் அப்பிக் கொடியால் கட்டியது. கால் மரத்துப்போனது. நரம்பு வாயே திறக்கவில்லை.

"நீ உருண்டு உருண்டு வா அக்கா!" என்று கடமான் பாய்ந்தது.

தொடை எரிந்தது. ஆனால் அதை நெஞ்சுக்குச் சொல்ல ஆளில்லை. நெஞ்சு புல் மேய்கிற நேரத்தைப்போல மெதுவாகவே அடித்தது. மூச்சும் போதவில்லை. சுனையின் சத்தம் காதில் விழும் தூரத்தில் கால்கள் மடங்கின. கடமான் விழுந்தது.

சாயங்காலம் முள்ளம்பன்றி வந்து சேர்ந்தது.

"வலிக்கிறதா?"

"ஒன்றுமே தெரியவில்லை அக்கா. கால் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லேன்!"

முள்ளம்பன்றி கட்டை அவிழ்த்தது. தூக்கிவிட அதற்குப் பலமில்லை. விட்டுப் போகவும் மனமில்லை. தாகத்தோடு பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

விடியும்போது கடமான் அலறியது. "வலிக்கிறது அக்கா! உயிர் போகிறது!"

"அப்பாடா! நரம்பு பேச ஆரம்பித்துவிட்டதா? இனி அது சொல்கிறபடி நட."

நான்கு எட்டு நடை, ஒரு நிற்றல். மறுபடி நான்கு எட்டு. உச்சி வெயிலில் இரண்டும் சுனையில் வாய் வைத்தன. கீழே கருங்குரங்கு அடுத்த நோயாளியைத் தேடிக்கொண்டிருந்தது.

நச்சரிப்பு என்று ஒரு குரலை அடைத்தால், நம்மைக் காக்க வரும் சேதியும் அதோடு அடைபட்டுப்போகும்.