கிணற்றின் உருவம்

“அதுக்கு உருவம் இருக்குதுங்களா?” என்று கேட்டார் பொன்னுரங்கம்.

“எதுக்கு?” என்றார் மடத்து அம்மா.

“என் மச்சினனைக் கொன்னதுக்கு.”

அம்மா அவரை உட்காரச் சொன்னார். பொன்னுரங்கம் உட்காரவில்லை.

பொன்னுரங்கம் கிணறு தூர் வாருகிற மேஸ்திரி. வயது ஐம்பத்திரண்டு. சேலத்துக்கு மேற்கே அவர் கால் படாத கிணறு குறைவு. ஏழு மாதத்துக்கு முன்னால், நாலு வருஷமாக ஆள் இறங்காத ஒரு தோட்டத்துக் கிணற்றில் மாதையன் இறங்கினான். மாதையன் அவர் மனைவி பாவாயியின் தம்பி. பாதிக் கிணறு வரை பேசிக்கொண்டே போனான். பிறகு பேச்சு நின்றது. கை தானாகப் படியை விட்டது.

அவ்வளவுதான்.

பின்னாலேயே இறங்கப் போன பொன்னுரங்கத்தை நாலு பேர் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி போட்ட ஒருவர் இறங்கி உடம்பைக் கொண்டுவந்தார்.

பூசாரி, முனி அடித்துவிட்டது என்றார். டாக்டர், விஷ வாயு என்றார். ஊர்க்காரர்கள், அவன் விதி என்றார்கள். பாவாயி ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஆட்டுக்குத் தழை ஒடித்தாள். பேசவில்லை.

எதை நம்புவது என்று தெரியாமல்தான் பொன்னுரங்கம் கரடு என்கிற அந்தச் சின்னப் பாறைக் குன்றில் ஏறி வந்திருந்தார்.

கரட்டின் உச்சியில் ஒரு சின்ன மடம். அதில் இருந்தவர் செங்கமலத்தம்மா. வயது நாற்பத்தொன்றோ இரண்டோ. பன்னிரண்டு வருஷம் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒருநாள் எழுந்து வந்துவிட்டவர். ஏன் என்று கேட்டால், “பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு” என்பார்.

தன்னைவிடப் பத்து வயது இளையவரிடம் கை கட்டி நிற்பது பொன்னுரங்கத்துக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றார்.

அம்மா உள்ளே போய் ஒரு பலூன், ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு பழைய சைக்கிள் டியூப் மூன்றையும் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டார். கூடவே ஒரு பம்பு.

“மூணுலயும் காத்துப் புடிங்க, மேஸ்திரி.”

பொன்னுரங்கம் பிடித்தார்.

“பலூன்ல காத்து எப்படி இருக்கு?”

“உருண்டையா இருக்குதுங்க.”

“பையில?”

“பையாட்டம்.”

“டியூப்புல?”

“வளையமா.”

“இப்ப சொல்லுங்க. காத்துக்கு உருவம் இருக்கா?”

“இருக்குதுங்க” என்றார் பொன்னுரங்கம். பிறகு, “இல்லீங்க” என்றார்.

“நாளைக்கு வாங்க.”

பாதிக் கரடு இறங்கியவர் நின்றார். திரும்பி மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“அப்ப அன்னிக்கு அது கிணத்து உருவத்துல இருந்துச்சுங்களா?”

“ஆமா” என்றார் அம்மா.

கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது பொன்னுரங்கத்துக்கு. வீட்டுக்குப் போகிற வழியில் நாலு கிணறு. நாலும் அவர் தூர் வாரியவை. நாலையும் விட்டு விலகி, மறுபக்கமாகவே நடந்து போனார்.

*

மறுநாள் அவர் வந்தபோது, மடத்துச் சமையல்காரர் குப்பண்ணன் அடுக்களையில் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார்.

“வாசனை வருதா?” என்றார் அம்மா.

“வருதுங்க.”

“அந்த மூலைக்குப் போங்க. அங்கே?”

“அங்கேயும் வருதுங்க.”

“வாசல்ல?”

“வாசல்லயும்.”

“யாரும் எடுத்துட்டுப் போகல. அதுவா எல்லா எடத்துக்கும் போகுது. ஒரு மூலையை விடாது.”

பொன்னுரங்கம் வாசலில் நின்றபடியே யோசித்தார். முகம் சுருங்கியது.

“அப்படின்னா அது மட்டும் ஏனுங்க போகல?”

“எது?”

“கிணத்துல இருந்தது. கிணறு மேலே திறந்துதானே கெடந்துச்சு? பலாப்பழ வாசனையாட்டம் பறந்து போயிருக்கலாமே? ஏன் அடியிலயே கெடந்து என் மச்சினனுக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு?”

அம்மா ஒரு உயரமான சொம்பை எடுத்தார். அதில் கொஞ்சம் ஆப்பசோடா போட்டார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். சொம்புக்குள் நுரை பொங்கி அடங்கியது. அகல் விளக்கு ஒன்றை ஏற்றித் தரையில் வைத்தார்.

“சொம்புல மேல்பக்கம் என்ன இருக்கு?”

எட்டிப் பார்த்தார் பொன்னுரங்கம். அடியில் விரற்கடை அளவு சாறு. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

“காலிங்க.”

அம்மா சொம்பை விளக்கின் மேல் மெல்லச் சாய்த்தார். தண்ணீர் வார்ப்பது போலச் சாய்த்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

விளக்கு அணைந்தது.

பொன்னுரங்கம் சொம்பைப் பிடுங்காத குறையாக வாங்கினார். கையை உள்ளே விட்டுத் துழாவினார். முகர்ந்து பார்த்தார். எலுமிச்சை மணம்தான் வந்தது.

“என்னங்க ஊத்துனீங்க?”

“கரியமில வாயு. நாம மூச்சு விடுறப்ப வெளியே வர்றதுலயும் இது இருக்கு. கிணத்துல எலை தழை அழுகுனாலும் இது வரும். நல்ல காத்தைக் காட்டிலும் கனம். கலக்கி விட ஆளில்லாத எடத்துல அடியில தங்கும்.”

“நேத்து அதுக்குன்னு உருவம் இல்லைன்னு காட்டுனீங்க.”

“ஆமா.”

“கொஞ்சம் முன்னால, எல்லா எடத்துக்கும் போகும்னீங்க.”

“ஆமா.”

“இப்ப அடியிலயே தங்கும்ங்கறீங்க. இதுல எதுங்க நெசம்?”

“மூணும்.”

பொன்னுரங்கத்துக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நாம் விடுகிற மூச்சு. அதே மூச்சு ஆளைக் கொல்லுமா? அப்படியானால் முனி எங்கே போனது? விதி எங்கே போனது? ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டே போனால் கடைசியில் கிணற்றடியில் யார் மிச்சம்?

அணைந்த திரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து கம்பியாக எழுந்த புகையும் நின்றுபோயிற்று.

“விளக்கைக் கயித்துல விட்டுப் பாத்துட்டு எறங்கட்டுமா மாமான்னு மாதையன் கேட்டான்மா” என்றார்.

அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

“மத்தியானம் இன்னொரு கிணறு பேசி வெச்சிருந்தேன். எறங்குடா, நேரமாச்சுன்னேன். முப்பது வருஷமா எறங்கறேன், எனக்குத் தெரியாதாடான்னேன். சிரிச்சுக்கிட்டே எறங்குனான்.”

அடுக்களையில் கத்திச் சத்தம் நின்றது.

“இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லீங்க.”

“இப்ப எங்கிட்டச் சொல்லிட்டீங்க” என்றார் அம்மா. “கனம் கொறைஞ்சுதா?”

பொன்னுரங்கம் பொய் சொல்லாமல் யோசித்துப் பார்த்தார்.

“இல்லீங்க.”

“அப்ப ஆள் மாறிச் சொல்லிட்டீங்க.”

*

பாவாயி வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. பொன்னுரங்கம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். மாதையன் கேட்டதைச் சொன்னார். தான் சொன்னதைச் சொன்னார். அவன் சிரித்ததையும் சொன்னார்.

பாவாயி நிமிர்ந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தாள்.

“தெரியும்.”

“எப்படி?”

“அந்த விளக்குக்கு எண்ணெய் ஊத்தி அவன் பையில வெச்சுக் குடுத்தது நானு. ஊத்துன எண்ணெய் ஊத்துனபடியே திரும்பி வந்துச்சு. திரி கருகவே இல்ல.”

“ஏன் கேக்கல நீ?”

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தார். பாவாயி மறுபடி குனிந்து கடலை உரிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, உரிக்காத குவியலில் பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.

பொன்னுரங்கம் உட்கார்ந்து உரித்தார்.

அது மன்னிப்பா, இல்லை வெறும் வேலையா என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

*

“மன்னிச்சுட்டாளா இல்லையான்னு தெரியலீங்க” என்றார் மூன்றாம் நாள் காலையில். “ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாத் தேவலை.”

அம்மா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

“மடத்துக் கிணத்துல தண்ணி வத்திப்போச்சு, மேஸ்திரி. தூர் வாரணும்.”

“நான் அந்த வேலையை விட்டுட்டேனுங்க.”

“உங்களை எறங்கச் சொல்லல. நான் எறங்கறேன். நீங்க மேலே நின்னு பாத்துச் சொன்னாப் போதும்.”

“நீங்களா?”

“ஏன், பொம்பளை எறங்கக் கூடாதா?”

கரட்டின் அடிவாரத்தில் இருந்தது அந்தக் கிணறு. நாற்பதடி ஆழம். அடியில் கருஞ்சேறும் மூன்று வருஷத்துச் சருகும். பொன்னுரங்கம் குனிந்து பார்த்துவிட்டு ஓரடி பின்வாங்கினார். ஆனால் கைகளுக்கு வேலை தெரிந்திருந்தது. விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். முப்பதடியில் சுடர் சுருங்கியது. இன்னும் ஒரு முழம் விட்டார். அணைந்தது.

“இருக்குதுங்க” என்றார்.

குப்பண்ணனை வேப்பங்கிளைகள் வெட்டி வரச் சொன்னார். அவற்றைப் பெரிய கட்டாகக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு, மேலும் கீழும் இழுத்தார். அடியில் கிடந்ததை மேல் காற்றோடு கலக்கினார். நூறு தடவை. இருநூறு தடவை. தோள்பட்டை எரிந்தது. குப்பண்ணன் மாற்றிப் பிடித்தார். அவர் சளைத்ததும் இவர் பிடித்தார். நடுப்பகல் தாண்டியது.

மறுபடி விளக்கை விட்டார். முப்பதடி. முப்பத்தைந்து. சேற்றுக்கு ஒரு சாண் மேலே நின்றது விளக்கு. எரிந்தது. முந்நூறு வரை எண்ணினார். எரிந்துகொண்டே இருந்தது.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். இடுப்பில் வடக்கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுமுனையைக் குப்பண்ணனிடம் கொடுத்தார். கிணற்றுச் சுவரின் இரும்புப் படியில் ஒரு காலை வைத்தார்.

“எறங்கலாமா, மேஸ்திரி?”

முப்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான். இப்போதும் அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். சுடர் ஆடாமல் நின்றது. கிணறு சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தச் சேற்றில் கால் வைத்தால் உள்ளிருந்து என்ன கிளம்பும்? பக்கச் சுவரில் குடைந்திருக்கிற பொந்துக்குள் விளக்கு போகவில்லையே, அங்கே என்ன தேங்கி நிற்கிறது? கலக்கியது போதுமா? எவ்வளவு கலக்கினால் போதும்? விளக்குக்குப் போதுமான காற்று மனுஷிக்கும் போதுமா? நிறமில்லை. மணமில்லை. உருவமில்லை. எதைப் பார்த்துச் சொல்வது?

அம்மா காத்திருந்தார்.

“தெரியலீங்க” என்றார் பொன்னுரங்கம்.

“என்ன?”

“எனக்குத் தெரியலீங்கம்மா.” சத்தமாகவே வந்துவிட்டது. கிணறு அதை வாங்கித் திருப்பிச் சொன்னது. குப்பண்ணன் அவரையே பார்த்தார். கிணற்று மேட்டில் நின்றுகொண்டு ஒரு மேஸ்திரி இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. பொன்னுரங்கத்துக்கு முகமெல்லாம் சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. “டவுன்ல காத்து ஊதற மெசின் இருக்குது. வாயு இருக்குதான்னு அளந்து காட்டற கருவியும் வெச்சிருக்காங்க. அது ரெண்டும் வரட்டும். வந்தாலும் தெரியுமான்னு தெரியல. நீங்க மேலே வாங்க.”

அம்மா படியிலிருந்து காலை எடுத்தார். இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். அதைச் சுருட்டிப் பொன்னுரங்கத்தின் கையில் வைத்தார்.

“இனிமே நீங்க ஆளை எறக்கலாம்” என்றார்.