மூன்றாம் படியிலிருந்து

கோமதி மேடத்தைவிட அவரிடம் ஆராய்ச்சி செய்யும் சூசைமுத்து சாருக்கு மூன்று வயது கூடுதல். வாரம் முழுக்கப் பள்ளியில் இயற்பியல் நடத்துவார். சனிக்கிழமையானால் பல்கலைக்கழகத்துக்கு ஓடி வருவார்.

அன்று வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

"மேடம், நாலாவது அத்தியாயத்தைத் தூக்கிடலாம்."

"யார் சொன்னா?"

"பிச்சையா சார்."

பிச்சையா துறைத்தலைவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு வாசலைத் தாண்டாது. நாலாவது அத்தியாயம் போனால் மிச்சமெல்லாம் அடுத்தவர்கள் சொன்னதுதான். பட்டம் கிடைக்கும். ஆனால் சூசைமுத்துவின் சொந்தச் சரக்கென்று அதில் ஒரு வரி இருக்காது.

"என்னன்னு திட்டினார்?"

"'நூறு வருஷத்துப் பழைய அணு மாதிரியை வெச்சு கருந்துளையை அளக்க வந்துட்டீரோ?'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க மேடம்."

சிரிக்க என்ன இருக்கிறதோ! அந்தப் பழைய மாதிரி எளிமையானது. அணுவுக்குள் எலெக்ட்ரான் குறிப்பிட்ட சில படிகளில்தான் நிற்கும். இரண்டு படிக்கு நடுவில் அதற்கு இடமில்லை. பிறகு முழுமையான குவாண்டம் கொள்கை வந்து இதை ஓரங்கட்டிவிட்டது. சூசைமுத்து அதைத் தூசி தட்டி எடுத்தார். கருந்துளையின் பரப்பும் இஷ்டத்துக்குக் கூடாது, குறையாது, படிப்படியாகத்தான் என்று கணக்குப் போட்டார். பெரிய ஆட்கள் சுற்றி வளைத்துப் போய்ச் சேர்ந்த விடைக்கே இவரும் வந்து சேர்ந்தார். மறுநாள் வகுப்புப் பையன்களுக்கெல்லாம் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

"கருந்துளைக்கு முழுசான குவாண்டம் கொள்கை யார்கிட்டயாவது இருக்கா சார்?"

"இன்னும் யார்கிட்டயும் இல்ல மேடம்."

"அப்ப எதை வெச்சு அளக்கணுமாம்?"

"வர்ற வரைக்கும் பொறுத்திரும்ங்கிறார்."

மேடத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அத்தியாயத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு வரைபடத்தில் விரல் நின்றது.

"இது ஏன் மூணாம் படியில ஆரம்பிக்குது? ஒண்ணும் ரெண்டும் எங்க?"

சூசைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"கருந்துளை ரொம்பச் சின்னதாகும்போது கணக்கு உதைக்குது மேடம். அதான் வெட்டிட்டேன். ஏற்கெனவே சிரிக்கிறாங்க..."

மேடம் எழுந்தார். "வாங்க. ஆடிக்காத்துல மொட்டைமாடி ஆன்டெனா சாஞ்சு கிடக்கு."

அந்தக் கட்டடத்துக்கு மாடிப்படி கிடையாது. அடுத்த வருஷம் கட்டுவார்கள் என்று வருஷா வருஷம் சொல்வார்கள். அதுவரைக்கும் பின்சுவரில் சாத்திய மூங்கில் ஏணிதான்.

"மேடம், வேண்டாம். ஏணி உளுத்துப் போச்சு."

"எங்க?"

"தண்ணி பட்டுப் பட்டு அடியில ரெண்டு படி."

"மேல?"

சூசைமுத்து கைக்கு எட்டிய படிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு."

மேடம் கையோடு கொண்டுவந்த அத்தியாயத்திலிருந்து சிவப்பு ஃபைல் நாடாவை உருவி, காகிதங்களை அவரிடம் கொடுத்துவிட்டு, உளுத்த படிகள் இரண்டையும் சேர்த்துப் பளிச்சென்று தெரியும்படி கட்டினார்.

"எதுக்கு மேடம்?"

"பின்னால வர்றவங்க கால் வைக்கக் கூடாதுல்ல."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்திலிருந்த சிமெண்ட் தொட்டியில் ஏறி, மூன்றாம் படியில் கால் வைத்து மேலே போய்விட்டார்.

சூசைமுத்து அந்தச் சிவப்பு நாடாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை எடுத்தார். வெட்டிய இரண்டு புள்ளிகளையும் வரைபடத்தில் வைத்தார். இரண்டும் கோட்டிலிருந்து எங்கோ விலகி நின்றன. காகிதங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவரும் ஏறினார்.

இருவரும் ஆன்டெனாவை நிமிர்த்திக்கொண்டிருக்கையில் கீழே குரல் கேட்டது. பிச்சையா.

"சூசைமுத்து! அத்தியாயத்தை எடுத்தாச்சா?"

"இல்ல சார். ரெண்டு புள்ளி சேர்த்திருக்கேன். தப்பா வந்த புள்ளி."

"என் கையெழுத்து வேண்டாமா உமக்கு?"

சூசைமுத்து சட்டைக்குள் இருந்த காகிதங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார். "வேணும் சார். இந்த அத்தியாயத்தோட வேணும்."

"உளுத்த ஏணியில ஏறி நின்னுக்கிட்டுப் பேச்சைப் பாரு! ரெண்டு பேரும் இறங்குங்க. அடுத்த வருஷம் மாடிப்படி கட்டத்தானே போறோம்!"

மேடம் கைப்பிடிச்சுவர் வழியாக எட்டிப் பார்த்தார்.

"கட்டி முடிச்சதும் ஏறி வாங்க சார். நாங்க இங்கதான் இருப்போம்."