பாலத்து விளக்குகள்

இரவின் நிறம் கறுப்பு என்பது மனித குலம் நெடுங்காலமாகச் சுமந்துவரும் பிழைகளுள் ஒன்று. கூந்தலுக்கு உவமை தேடிய புலவர்கள் இதைப் பரப்பினார்கள். மறுத்துச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. இரவு நீலம். நீர்வண்ணம் பழகுகிறவர் முதல் வகுப்பிலேயே இதைக் கற்றுக்கொள்கிறார்.

குலசேகரனும் கற்றுக்கொண்டார். அதனால் பயன் ஒன்றும் விளையவில்லை.

“டீச்சர், விளக்கு எரிய மாட்டேங்குது.”

நசீமா டீச்சர் அவரைவிட இருபது வயது இளையவர். படத்தை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“நகராட்சித் தெருவிளக்குப் பிரிவுல சூப்பர்வைசரா இருந்த மனுஷன், இதை என்கிட்டயா கேக்குறீங்க?”

வகுப்பு சிரித்தது. குலசேகரன் சிரிக்கவில்லை.

மகள் வைதேகி ஞாயிற்றுக்கிழமை நார்வேக்கு வேலைக்குப் போகிறாள். “போட்டோ வேண்டாம்ப்பா. நம்ம மொட்டைமாடியில இருந்து ராத்திரி தெரியுற ஊரை நீங்களே வரைஞ்சு குடுங்க” என்றிருந்தாள். அவள் அவரிடம் ஏதாவது கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

இன்று வெள்ளி.

படத்தில் ஆறு இருந்தது. பாலம் இருந்தது. விளக்கு இருக்க வேண்டிய இடமெல்லாம் பச்சைச் சேறு.

“நீலத்துக்கு மேல மஞ்சள் வச்சேன், முழுங்கிடுச்சு. வெள்ளை வாங்கி வச்சேன், திருநீறு பூசின மாதிரி ஆயிடுச்சு.”

“விளக்கை எப்போ ஏத்துனீங்க?”

“இருட்டினதுக்கு அப்புறம்தான். வேற எப்போ ஏத்துவாங்க? வெளிச்சம் இருக்கும்போது விளக்கு எரிஞ்சா எங்க ஆபீஸ்ல மெமோ குடுப்பாங்க டீச்சர்.”

டீச்சர், குலசேகரன் பென்சிலால் கோடு போட்டுவைத்திருந்த இன்னொரு தாளை எடுத்து, முழுக்க வெளிர்மஞ்சள் பூசி, மின்விசிறிக்கு அடியில் காயவைத்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து நீட்டினார்.

வாங்கிக்கொண்ட குலசேகரன் தீப்பெட்டிக்காகக் காத்திருந்தார்.

“எதுக்கு நிக்குறீங்க? விளக்கு எங்கெங்க இருக்கோ, அங்கெல்லாம் இதால அழுத்தித் தேய்ங்க.”

தேய்த்தார். கோயில் மலை, பேருந்து நிலையம், கடைத்தெரு, பாலம். ஒவ்வொரு கம்பமும் அவருக்கு மனப்பாடம். தாளில்தான் எதுவும் தெரியவில்லை.

“ஒண்ணுமே தெரியலையே டீச்சர்.”

“பகல்ல எந்த விளக்கு சார் தெரியும்? இப்போ இருட்ட விடுங்க.”

குலசேகரன் அகலத் தூரிகையைக் கருநீலத்தில் தோய்த்து மேலிருந்து கீழே இழுத்தார். மெழுகு பட்ட இடங்களில் வண்ணம் ஒட்டாமல் விலகி ஓடியது.

மலை உச்சியில் ஒரு மஞ்சள் புள்ளி. கடைத்தெருவில் ஒரு கொத்து. பாலத்தில் வரிசையாக.

அவர் மணிக்கட்டில் நீலம் வழிந்தது. துடைக்கவில்லை.

பிறகு, “ஐயய்யோ” என்றார்.

பாலத்தின் நடுவில் ஒரு கம்பத்தைத் தேய்க்க மறந்திருந்தார். பல் விழுந்த வாய்போல அங்கே மட்டும் இருட்டு. அவர் கை வெள்ளை வண்ணக் குழாயைத் தேடிப் போனது. டீச்சரின் கை அதற்கு முன்பே அதைப் பொத்தியிருந்தது.

“ஒண்ணே ஒண்ணு டீச்சர்.”

“இருட்டிப்போச்சு சார்.”

“ஒரு விளக்கு எரியலைன்னாலும் எனக்குத் தூக்கம் வராது.”

“நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு யாரும் உங்ககிட்ட சொல்லலையா?”

ஞாயிறு காலை வைதேகி படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். குலசேகரன் மன்னிப்புக் கேட்க நாலு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தார்.

“பாலத்துல ஒண்ணு எரியலை” என்றாள்.

நாலு வாக்கியமும் மறந்துபோனது.

“அப்போ நம்ம ஊரேதான்” என்றாள் வைதேகி.

படத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு வைத்ததில் பயணப் பெட்டியின் எடை கூடிவிட்டது. ஆவக்காய் பாட்டில் வெளியே வந்தது.