தவசி மேல் வந்த படை

ஊர்ப் பெயரைச் சொன்னால் நாளைக் காலையில் என் சைக்கிள் டயரில் காற்று இருக்காது. பெரிய கம்மாய்க்கு அந்தாண்டை இருக்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். தங்கமான மனுசங்க. ஒரு வார்த்தை சொன்னால் அதை அப்படியே செய்வார்கள். அப்படியே என்றால் அப்படியேதான். வம்பே அங்கேதான் ஆரம்பிக்கும்.

நான் தோல் டாக்டர் பரிமளம் அம்மாவிடம் இருபத்திரண்டு வருசமாகக் கம்பவுண்டர். சொறி, சிரங்கு, தேமல், வேர்க்குரு என்று சுத்துப்பட்டில் யாருக்கு எங்கே அரித்தாலும் கடைசியில் என் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். கந்தகம் போட்டுக் களிம்பு கலக்குவது என் வேலை. அந்த வாசனைக்குப் பயந்து என் வீட்டுக்காரி எனக்குத் தனியாகப் பாய் போட்டிருக்கிறாள். அதை விடுங்கள்.

ஒரு திங்கட்கிழமை அந்த ஊரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். நோயாளி தவசி. முப்பத்தாறு வயசு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கூட வந்தவர் அவனுடைய தாய்மாமா ஆண்டியப்பன். அப்பா இல்லாத பிள்ளைக்கு எல்லாம் அவர்தான். மற்ற இரண்டு பேரும் தவசியின் பெரியப்பா மகன்கள், மொக்கையன், சடையன்.

டாக்டரம்மா தவசியைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முதுகு நிறைய சிவப்பு மையில் 'அக்கி, அக்கி, அக்கி' என்று எழுதியிருந்தது.

"இது என்னப்பா?"

"அக்கிம்மா," என்றார் ஆண்டியப்பன். "அக்கி வந்தா எழுதணும்னு சொன்னாங்க. எழுதிட்டோம்."

எங்கள் பக்கத்தில் அக்கிக் கொப்புளம் வந்தால் மண்பானை செய்கிறவர் வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்வார்கள். எழுதுவது என்றால் காவி மண்ணைக் குழைத்துப் பூசிவிடுவது. இவர்கள் பேனா வாங்கிவிட்டார்கள்.

"ஒரு வாரமா எழுதுறோம், கேக்க மாட்டேங்குது," என்றான் மொக்கையன். "முதல் நாள் இந்தச் சடையப் பய 'அக்கீ'ன்னு நெடில் போட்டுட்டான். அதுலதான் பெருசாயிருச்சு."

"மறுநாளே குறிலாக்கிட்டேனே அண்ணே," என்றான் சடையன். பாவம், அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் ஸ்பிரிட் போட்டு எழுத்தை எல்லாம் துடைத்தேன். டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அக்கின்னா ஒரே பக்கமா கொப்புளமா வரும், எரியும். வேர்க்குருன்னா வேர்வையில பொடிப்பொடியா வரும். இது வட்டவட்டமா இருக்கு பாரு, நடுவுல ஆறி, ஓரத்துல சிவந்து. இது படை. உனக்குப் படை வந்திருக்குப்பா."

நாலு பேர் முகத்திலும் ரத்தம் இல்லை.

"எப்பம்மா வந்துச்சு?" என்று ரகசியமாகக் கேட்டார் ஆண்டியப்பன்.

"ஒரு மாசம் இருக்கும். வட்டமா சூழ்ந்துக்கிட்டே பரவும். இப்பவே தடுக்கலைன்னா எல்லா இடத்தையும் பிடிச்சிரும்."

மொக்கையன் விறுவிறுவென்று வாசலுக்குப் போய் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தான். "இங்க இன்னும் வரல மாமா," என்றான்.

நான் குறுக்கே விழுந்தேன். "யோவ், சண்டை போடுற படை இல்லய்யா. தோல்ல வர்ற படை."

"தோல்ல எப்படி சார் குதிரை நிக்கும்?" என்று கேட்டான் சடையன். நியாயமான சந்தேகம்தான். விளக்கி முடிக்க எனக்கு அரைமணி நேரம் ஆச்சு.

தவசி மட்டும் சட்டையை எடுத்து முதுகை மூடிக்கொண்டான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "அம்மா, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம். பொண்ணு பேரு சிலம்பாயி. இதுக்கு முன்னாடி பதினோரு இடம் தட்டிப்போச்சு. இவளைச் சந்தையில வெங்காயம் பொறுக்கும்போது பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரிச்சா. எனக்கு இவளைத்தான் பிடிச்சிருக்கு. இந்த வட்டத்தைப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா நான் எங்கம்மா போவேன்?"

எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. டாக்டரம்மாவும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயப்படாதே. விடாம மருந்து போட்டா மூணு நாலு வாரத்துல மறைஞ்சிரும். படை வந்த இடத்துல களிம்பு தடவு. கண்ட இடத்துல தடவாதே. ஈரத்துணியோட திரியாதே. நீ சொறியக் கூடாது. ஆமா, துண்டு யாரு துண்டு?"

"எங்க நாலு பேருக்கும் ஒரு துண்டும்மா," என்றார் ஆண்டியப்பன் பெருமையாக. "அவ்வளவு ஒத்துமை."

"அதுலதான்யா வினையே! ஒருத்தர் துடைச்ச துண்டுல இன்னொருத்தர் துடைச்சா தொத்தும். இனிமே ஆளுக்கொரு துண்டு."

தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் தலையை ஆட்டினால் அடுத்து ஒரு வம்பு வருகிறது என்று அர்த்தம்.

ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அந்தத் துண்டை நாலாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். மொக்கையனுக்குக் கரை வைத்த துண்டு கிடைத்ததில் சடையனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அடுத்தது களிம்பு. நாலு பேரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"படை வந்த இடத்துல தடவச் சொன்னாங்க. உனக்கு எந்த இடத்துல வந்துச்சு தவசி?" என்று கேட்டார் ஆண்டியப்பன்.

தவசி யோசித்தான். "கம்மாயில குளிச்சிட்டு ஈர வேட்டியோட உங்க மோட்டார் ரூமுல உக்காந்திருந்தேன் மாமா. அப்பத்தான் முதமுதல்ல அரிச்சுச்சு."

"அப்ப மோட்டார் ரூமுதான் அந்த இடம்."

"வழியில பம்பு, தொட்டி எல்லாம் இருக்கே மாமா. அதுல?" என்றான் சடையன்.

"கண்ட இடத்துல தடவாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்கடா."

நான் கலக்கிக் கொடுத்த ஒரு டப்பா களிம்பும் மோட்டார் ரூமுக்குப் போனது. சுவரில் ஒரு சுற்று, தவசி உட்கார்ந்த கல்லில் இரண்டு சுற்று. 'நீ சொறியக் கூடாது' என்று தவசிக்குச் சொல்லியிருந்ததால் மொக்கையனும் சடையனும் முறை வைத்து அவனுக்குச் சொறிந்துவிட்டார்கள். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி வந்தார்கள். டாக்டரம்மா பார்த்தார். கையில் புதுசு, வயிற்றில் புதுசு, கழுத்துக்குப் பக்கத்திலும் ஒன்று.

"களிம்பு தடவினீங்களா இல்லையா?"

"நல்லாக் குணம் தெரியுதும்மா," என்றார் ஆண்டியப்பன். "இப்பல்லாம் மோட்டார் ரூமுல யாரு உக்காந்தாலும் அரிக்கிறதில்ல."

கதையைக் கேட்டு முடித்தபோது டாக்டரம்மாவின் முகம் தவசியின் முதுகைவிடச் சிவந்திருந்தது. "சுவத்துல இல்லய்யா, உடம்புல! உடம்புல தடவணும்! காலையும் மாலையும் தடவணும்! ஒரு நாள்கூட விடக் கூடாது!" என்று போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்த இரண்டு சிரங்குக் கேஸ் எழுந்து போய்விட்டது. சத்தம் போட்ட கையோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நானும் இன்னொரு டப்பா களிம்பைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன், அங்கேதான் கோட்டை விட்டேன். பின்னாலேயே போய் விளக்கியிருக்க வேண்டும்.

பஸ்ஸில் போகும்போதே விவாதம்.

"காலைத் தடவணும்னு சொன்னது புரியுது," என்றான் மொக்கையன். "படை முதுகுலதானே இருக்கு, காலை எதுக்குத் தடவணும்?"

"முதுகு எது மேல நிக்குது? கால் மேல," என்றார் ஆண்டியப்பன். "அவங்க வேர்ல வைத்தியம் பண்றாங்க."

"காளையா இருக்குமோ மாமா? நம்ம வீட்டுக் காளைக்கும் போன மாசம் முதுகுல முடி கொட்டுச்சே," என்றான் சடையன்.

"சந்தேகம்னா ரெண்டுலயும் தடவிடுவோம். ஆனா மாலையைத் தடவணும்னாங்களே, எந்த மாலை?"

எல்லோரும் யோசித்தார்கள். கம்மாய்க்கரை வந்தபோது தவசிக்குத்தான் பொறி தட்டியது. "நிச்சயத்துக்குச் சம்பந்தி மாலை வாங்கப் போறோமே மாமா!"

"அடேயப்பா! நாம மாலை வாங்கப்போறது அவங்களுக்கு எப்படிடா தெரியும்?"

"படிச்சவங்க மாமா," என்றான் சடையன். நாலு பேரும் டாக்டரம்மா இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. தவசியின் கால் இரண்டும் வெண்ணெய் தடவின மாதிரி பளபளவென்று இருந்தது. காளையும் அப்படியே. வட்டங்கள் எல்லாம் அதது இருந்த இடத்தில் நிம்மதியாக இருந்தன. மாலை வந்ததும் ஒவ்வொரு ரோஜாவுக்குள்ளும் விரலை விட்டுக் களிம்பு தடவினார்கள். தவசிக்கு முழுக்கைச் சட்டை மாட்டி, கழுத்துப் பொத்தானைப் போட்டு, வேனில் ஏற்றிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனார்கள்.

பெண்ணின் அப்பா வெள்ளைச்சாமி மரியாதைப்பட்டவர். சம்பந்திகள் மாலை மாற்றிக்கொள்ளும் நேரம் வந்தது. ஆண்டியப்பன் மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். வெள்ளைச்சாமி மூக்கைச் சுருக்கினார். குனிந்து ரோஜாவை மோந்து பார்த்தார்.

"இந்த வாசனை எனக்குத் தெரியும் சம்பந்தி."

"பன்னீர் ரோஜா சம்பந்தி," என்றார் ஆண்டியப்பன்.

"ரோஜா இல்ல. இது படைக்குத் தடவுற களிம்பு."

கூடத்தில் பாக்கு மென்றவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். தவசி இன்னொரு இடம் தட்டிப்போகிறது என்றுதான் நினைத்தான். ஆனால் பாருங்கள், அவன் முட்டாளாக இருக்கலாம், பொய்யன் இல்லை. எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்றிவிட்டான்.

"ஆமா மாமா. எனக்குப் படை இருக்கு. மறைச்சுக் கட்டிக்க எனக்கு மனசு வரல. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"எத்தனை இருக்குன்னு கேளுங்கப்பா."

சிலம்பாயிதான். மொக்கையனும் சடையனும் தவசியைத் திருப்பித் திருப்பி எண்ணினார்கள். "பத்து!" என்றான் மொக்கையன்.

உள்ளே வளையல் சத்தம், குசுகுசுப் பேச்சு. பெண்களும் என்னவோ எண்ணினார்கள். அப்புறம் அதே குரல் வெட்கத்தோடு சொன்னது: "எனக்கும் பத்து."

வெள்ளைச்சாமி அப்படியே ஆண்டியப்பனைக் கட்டிக்கொண்டார். "ஒரு மாசமா இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம சோறு இறங்கல சம்பந்தி! ஜாதகத்துல ஆறு பொருத்தம்தான்னு அந்த ஜோசியர் மூஞ்சியைச் சுளிச்சாரே! இங்க பாருங்க, பத்துக்குப் பத்துப் பொருத்தம்!"

அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றி, மூணாவது வாரம் புதன்கிழமை கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

மறுநாள் தவசி எனக்கு மிட்டாய் கொண்டுவந்தான். சந்தோசத்தில் சிரித்துக்கொண்டே கதை முழுவதையும் சொல்லி முடித்தான். இந்தத் தடவை நான் விடவில்லை. அவன் இடது கையைப் பிடித்து, முழங்கைக்குக் கீழே இருந்த ஒரு வட்டத்தில் நானே களிம்பை வைத்து, ஓரத்தைத் தாண்டி ஒரு விரல்கடை அளவு தேய்த்துக் காட்டினேன். "விடிஞ்சதும் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. இப்படித்தான் தடவணும், புரியுதா?" என்றேன். புரிந்தது என்றான். என் வேலை முடிந்தது என்று நானும் மிட்டாயைத் தின்றேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு வேன் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டும் மொத்தமாக இறங்கின. எல்லோர் முகமும் வாடியிருந்தது. தவசி தேம்பிக்கொண்டிருந்தான்.

"கம்பவுண்டர் சார், கல்யாணம் நிக்கப்போகுது," என்றார் ஆண்டியப்பன்.

"ஐயய்யோ, என்னாச்சு?"

அவர் தவசியின் இடது கையை என் முன்னால் நீட்டினார். முழங்கைக்குக் கீழே தோல் சுத்தமாக இருந்தது. "நீங்க காட்டின எடத்துல மட்டும் ஒரு வேளைகூடத் தப்பாமத் தடவினோம். போயிருச்சு. இப்ப ஒன்பதுதான் இருக்கு. பொண்ணுக்குப் பத்து. பொருத்தம் போச்சே சார்! அந்த ஒண்ணைத் திரும்ப வரவைக்க ஒரு களிம்பு கலக்கிக் குடுங்க."

சிலம்பாயி முன்னால் வந்தாள். தவசி அழுவதை அவளால் பார்க்க முடியவில்லை. "தொத்துற வியாதிதானே? என்கிட்ட இருந்து ஒண்ணு எடுத்துக்கட்டும்," என்றாள்.

"நீ ஒண்ணைக் குடுத்தா உனக்கு ஒன்பது, அவனுக்குப் பத்து. மறுபடியும் பொருந்தாதேம்மா," என்றான் மொக்கையன். விரல் விட்டு எண்ணிக் காட்டினான். கணக்கில் அவன் கொஞ்சம் கெட்டி.

"அப்ப பாதி குடுக்கட்டும்," என்றான் சடையன். "ஆளுக்கு ஒன்பதரை."

எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். விட்ட மூச்சு அடங்குவதற்குள் ஆண்டியப்பன் தொண்டையைக் கனைத்தார். "மாப்பிள்ளை வீட்டுக்கு மேல் பாதி வரணும். அதுதான் முறை."

"பெத்து வளர்த்தது நாங்க. என் பொண்ணு எதுக்குக் கீழ் பாதியை வச்சுக்கணும்?" என்று வெள்ளைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். "இப்படின்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்!" ஆண்டியப்பனும் மடித்துக் கட்டினார். தவசி தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.

சிலம்பாயி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எதுக்குப்பா சண்டை? குறுக்க வெட்டினாத்தானே மேல் பாதி, கீழ் பாதி? நெட்டுக்க வெட்டிக்கலாம்."

சண்டை அந்த நிமிசமே நின்றது. வெள்ளைச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சும்மாவா சார்? எட்டாவது வரைக்கும் படிக்க வச்சிருக்கேன். கத்தியை எடுத்துட்டு வாங்க."